நாய்க்கடிக்குச் சோப்பும் ஊசியும் வந்த கதை



சிம்பாங் அம்பாட் என்றால் நான்கு பாதைகள் கூடும் இடம் என்று பொருள். புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து சுங்கை பாக்காப்புக்கும் நிபோங் திபாலுக்கும் போகிற பழைய பெருஞ்சாலையில் இந்த ஊர் இருக்கிறது. இதைச் சுற்றியுள்ள தென் செபராங் பிறைப் பகுதியில் முதலில் கரும்பு இருந்தது. பிறகு ரப்பர் வந்தது. அதன் பின் செம்பனை வந்தது. மூன்று பயிரிலும் நம் மக்கள் உழைத்தார்கள். லயத்துக்கு லயம் நாயும் வளர்த்தார்கள். காட்டுப்பன்றியை விரட்டவும், இரவில் கோழிக்குக் காவலாகவும், இருட்டோடு பால் வெட்டப் போகும்போது துணையாகவும் நாய் வேண்டியிருந்தது. நாய் இருந்தால் நாய்க்கடியும் இருக்கத்தானே செய்யும்!

கெண்டைக்காலில் இரண்டு பல் பட்டால் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சுண்ணாம்பைக் குழைத்து வைப்பார்கள். காப்பித்தூளை அப்புவார்கள். மிளகாய்த்தூளைத் தூவி, எரிச்சல் எடுத்தால் விஷம் இறங்குகிறது என்பார்கள். தோட்டத்து டிரசரிடம் போனால் கழுவி மஞ்சள் மருந்து போட்டுக் கட்டி அனுப்புவார். மறுநாள் பிரட்டுக்குப் போய்விடலாம். நூற்றில் பெரும்பாலான கடிகள் இப்படியே ஆறியும் போயிருக்கின்றன. அதனால்தான் ஆறாமற்போகிற அந்த ஒன்றின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. இன்று நாம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வெறிநாய்க்கடி மிகப் பழைய நோய். கடிபட்டவன் தண்ணீரைக் கண்டு அஞ்சி இறந்துபோவதை நம் நாட்டு ஆயுர்வேத நூலான சுசுருத சம்கிதை எழுதி வைத்திருக்கிறது. உரோம நாட்டில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சசு என்பவர் காயத்தைச் சூட்டுக்கோலால் பொசுக்கச் சொன்னார். தண்ணீருக்கு அஞ்சுகிற நோயாளியைக் குளத்தில் தள்ளவும் சொன்னார்! பொசுக்கும் வழக்கம் பதினெட்டு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. ஐரோப்பியக் கிராமங்களில் நாய் கடித்தவன் வைத்தியரைத் தேடிப் போகவில்லை. கொல்லன் பட்டறைக்குத்தான் போனான். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அந்தச் சூட்டுக்கோலின் தம்பிமார்தான். நோவு நோவை விரட்டும் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது.

இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெறிபிடித்த நாயின் எச்சிலில் கண்ணுக்குத் தெரியாத நச்சுக்கிருமி இருக்கிறது. இதை வைரசு என்பார்கள். பாம்பு விஷம்போல இது இரத்தத்தோடு ஓடுவதில்லை. கடித்த இடத்துத் தசையில் தங்கி, அருகிலுள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம். ஓராண்டு கழித்தும் வரலாம். காலில் கடித்தால் வழி நீளம். முகத்திலோ தலையிலோ கடித்தால் வழி குறைவு. சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் அவர்களுக்கு ஆபத்து அதிகம். மூளையை எட்டி நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

காயம் ஆறிப்போன பிறகும் நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கும் என்பது இதன் கொடுமை. அதே சமயத்தில் ஒரு நன்மையும் இதில் அடங்கியிருக்கிறது. நோய் மெல்ல நடக்கிறதென்றால், நாம் அதை முந்திக்கொள்ளலாம் அல்லவா?

இப்படி முந்திக்கொள்ள முதன்முதல் வழி கண்டவர் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர். அவர் மருத்துவர் அல்லர், இரசாயன அறிஞர். வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தினால் அதிலுள்ள நச்சு நாளுக்கு நாள் வலுவிழப்பதைக் கண்டார். வலுவற்றதில் தொடங்கி, நாளடைவில் வலுவுள்ளதை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அவை நோயைத் தாங்கி நின்றன. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு பாரிசுக்கு வந்தாள். பையன் பெயர் ஜோசப் மைஸ்டர். இரண்டு நாளைக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. மனிதருக்கு இந்த மருந்தைக் கொடுக்க பாஸ்டர் தயங்கினார். கொடுக்காவிட்டால் பையன் இறப்பது ஏறக்குறைய உறுதி என்று இரண்டு மருத்துவர்கள் சொன்ன பிறகே துணிந்தார். மருத்துவர் கிரான்ஷே ஊசி போட்டார். பத்து நாளில் பதின்மூன்று ஊசி. பையன் பிழைத்தான். வளர்ந்து, பாஸ்டர் பெயரால் 1888இல் திறக்கப்பட்ட ஆய்வுக்கழகத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம்.

1900ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்த மருத்துவம் தொடங்கியது. ஆனால் எங்கே? வடக்கே இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில். சென்னை மாகாணத்தில் ஒருவரை வெறிநாய் கடித்தால் இரயிலேறி நாட்கணக்கில் பயணம் செய்து அங்கே போய்ச் சேர வேண்டும். நாளை எண்ண வேண்டிய நோய்க்கு இவ்வளவு தூரம்! 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய் கடித்து, தக்க காலத்தில் மருத்துவம் கிடைக்காமல் இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் என்பவர் அரசப் பிரதிநிதி கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையிலிருந்து ஓர் இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1907இல் நீலகிரியில் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1977 முதல் அது இந்திய பாஸ்டர் நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது.

அந்த இளம்பெண் இறப்பதற்கு முன்னும் எத்தனையோ உழவரும் கூலியாட்களும் அவர்தம் பிள்ளைகளும் இதே நோயால் இறந்துதான் இருப்பார்கள். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நிலையம் வந்தபின் அதனால் பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்களே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கடிபட்டவர்கள் அந்த இரயிலில் ஏறி மலைக்குப் போகக் கூடியதாயிற்று.

அங்கே என்ன மருந்து கொடுத்தார்கள்? கசௌலி நிலையத்தின் முதல் இயக்குநர் டேவிட் செம்பிள் 1911இல் புதிய முறை ஒன்றைக் கண்டார். நோய்க்கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து தயாரிப்பது அந்த முறை. விலை மலிவு. ஊர் ஊருக்கு அனுப்பலாம், மலையேற வேண்டியதில்லை. கோடிக்கணக்கான மக்களுக்கு அது பயன்பட்டது. ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. மருந்தின் அளவு அதிகமாகையால் வயிற்றில்தான் போட முடிந்தது. ஏழு நாள், பத்து நாள், பதினான்கு நாள் என்று தினமும் போட வேண்டும். ஆட்டு மூளைப் பொருள் கலந்திருந்ததால், வெகு சிலருக்கு அதுவே பக்கவாதம் போன்ற கோளாறை உண்டாக்கியது.

"தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அது கட்டுக்கதையன்று, அந்தக் காலத்து உண்மை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களோடு அந்தப் பயமும் கப்பலேறியிருக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் அந்த ஊசிக்குப் பயந்தே கடிபட்டதை வீட்டில் சொல்லாமல் மறைத்தார்கள். நம் கருத்தில், நாய்க்கு அடுத்தபடியாக அந்தப் பயமே பலரைக் கொன்றிருக்கிறது.

அந்த ஊசி இன்று இல்லை. 1970களில் மனித உயிரணுக்களில் கிருமியை வளர்த்துத் தூய்மையான தடுப்பு மருந்து தயாரிக்கும் முறை கைகூடியது. ஈரான் நாட்டில் வெறிபிடித்த ஓநாயும் நாயும் கடித்த 45 பேருக்கு அதைப் போட்டார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. இந்தச் செய்தி 1976இல் வெளியாயிற்று. இந்தியாவில் ஆட்டு மூளை மருந்துத் தயாரிப்பு 2004ஆம் ஆண்டு இறுதியோடு நின்றது. இப்போது ஊசி போடுவது மேற்கையில். சின்னக் குழந்தைக்குத் தொடையில். ஒரு மாதத்துக்குள் நான்கோ ஐந்தோ ஊசி, அவ்வளவே.

குன்னூர்க் கதைக்கு நிகரான ஒன்று நம் அண்டை நாட்டிலும் நடந்தது. சயாம் அரச குடும்பத்தைச் சேர்ந்த தாம்ரோங் இளவரசரின் மகள் வெறிநாய்க் கடியால் இறந்தார். அதன் பிறகு 1913இல் பாங்காக்கில் இதே பணிக்கு ஒரு நிலையம் திறந்தார்கள். சவோபா அரசியார் பெயரால் அது இன்றும் நடக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கும் அது பேர்போனது.

மலாயாவில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சப்பானியர் காலம் முடிந்தபோது நாடு சீர்குலைந்திருந்தது. வடக்கு மாநிலங்களில் நாய்களிடையே இந்த நோய் இருந்துவந்தது. 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது கோலாலம்பூரிலேயே கடுமையாகப் பரவியது. அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அரசாங்கத்துக்கு வேறு தலைவலிகள் ஏராளம். இருந்தும் கால்நடைத் துறையினர் ஒரு துணிந்த காரியம் செய்தார்கள். கோழிக் கருவில் வளர்த்த புதிய தடுப்பு மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோய், நாய் வைத்திருப்பவர் எவரானாலும் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று சட்டப்படி கட்டாயமாக்கினார்கள். உரிமையாளர் இல்லாத நாய்களை அழித்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் நோய் ஒடுங்கியது. இந்த வெற்றியைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 1954இல் கட்டுரையே வெளிவந்தது. பிற நாட்டார் அதை எடுத்துக்காட்டாகக் கொண்டார்கள்.

அதன்பின் தாய்லாந்து எல்லையோரமாக ஒரு காப்பு வளையம் அமைத்தார்கள். பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் மாநிலங்களின் எல்லைப் பகுதியில் நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டு, எல்லை தாண்டி வரும் நோயை அங்கேயே நிறுத்துவது திட்டம். இது பல்லாண்டு பலித்தது. 2013இல் மலேசியா இந்த நோய் இல்லாத நாடு என்று உலக விலங்குச் சுகாதார அமைப்பு அறிவித்தது.

ஆனால் அந்த மகிழ்ச்சி இரண்டே ஆண்டுதான் நிலைத்தது. 2015இல் பெர்லிசில் நாய்களுக்கு நோய் கண்டது. அடுத்துக் கெடாவிலும், செப்டம்பரில் நம் பினாங்கிலும் கண்டது. தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு ஆணையிட்டது. விலங்கு அன்பர்கள் கொதித்தெழுந்தார்கள். கொல்வதால் பயனில்லை, ஊசி போடுங்கள் என்றார்கள். இரு பக்கத்திலும் கோபம் அதிகமாக இருந்தது. 1952இன் அனுபவத்தைத் திருப்பிப் பார்த்தால், ஊசியின்றி அன்று காரியம் நடந்திருக்காது என்பது தெளிவு. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியிராது என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு. வெறுமனே கொன்றால், காலியான இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வந்து சேரும். தோட்டங்கள் விற்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயரும்போது, நாயை அழைத்துப் போக முடியாமல் லயத்திலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கத்தையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. அந்த நாய்தான் சில மாதங்களில் தெருநாய் ஆகிறது.

2015இல் தீபகற்பத்தில் மனித உயிர் போகவில்லை. 2017இல் சரவாக்கில் அப்படி இல்லை. செரியான் வட்டாரத்தில் தொடங்கியது. முதலில் இறந்தவர்கள் சிறு பிள்ளைகள். அதிலிருந்து சரவாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் வீட்டு நாய்க்குட்டி கீறியதை ஒரு பொருட்டாக எண்ணாதவர்கள்.

இனி சோப்புக்கு வருவோம். மருத்துவ வரலாற்றில் இதற்கு உரிய பெருமையை யாரும் கொடுக்கவில்லை என்பது நம் குறை. இந்த நச்சுக்கிருமியைச் சுற்றிக் கொழுப்பினாலான மெல்லிய உறை இருக்கிறது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைக்கிறது. உறை போனால் கிருமி செத்தது. 1940களிலும் 1960களிலும் ஆய்வு விலங்குகளின் காயத்தில் கிருமியை வைத்து, சிலவற்றைச் சோப்புத் தண்ணீரால் கழுவிப் பார்த்தார்கள். கழுவிய விலங்குகளில் மிகப் பல பிழைத்தன. சூட்டுக்கோலால் பதினெட்டு நூற்றாண்டு சாதிக்க முடியாததைத் துணி துவைக்கிற கட்டிச் சோப்பு செய்கிறது! சுண்ணாம்பும் மிளகாயும் ஒன்றும் செய்வதில்லை. அவை காயத்தைப் புண்ணாக்கும். கழுவ வேண்டிய நேரத்தையும் தின்றுவிடும்.

ஆகவே நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், முதலில் குழாயடிக்குப் போக வேண்டும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். பல் இறங்கிய துளைக்குள்ளும் தண்ணீர் போகட்டும். பிறகு அயோடின் கலந்த மருந்து இருந்தால் போடலாம். இறுகக் கட்ட வேண்டாம். தையலும் உடனே போடுவதில்லை. தைப்பதால் கிருமி உள்ளே மூடப்படும். அதன்பின் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தோட்டத்தில் மருந்தகம் இருந்தால் முதலில் அங்கே காட்டலாம். சிம்பாங் அம்பாட் வட்டாரத்தாருக்குச் சுங்கை பாக்காப்பில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

எந்தக் கடிக்கு என்ன மருத்துவம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. முழுத் தோலின்மேல் நாய் நக்கினால் கழுவினால் போதும். இரத்தம் வராத சிறு கீறலானால், நாயின்மேல் ஐயம் இருக்குமிடத்தில், தடுப்பு ஊசி வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், அல்லது வாயிலோ கண்ணிலோ புண்ணிலோ எச்சில் பட்டிருந்தால், ஊசியோடு எதிர்ப்புச் சீரமும் வேண்டும். சீரத்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். இதன் அருமை 1954இல் ஈரானில் சானே என்ற கிராமத்தில் தெரிந்தது. ஒரே இரவில் ஒரே ஓநாய் 29 பேரைக் கடித்தது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பு ஊசி மட்டும் பெற்ற ஐந்து பேரில் மூவர் இறந்தனர். சீரமும் சேர்த்துப் பெற்ற பதின்மூன்று பேரில் ஒருவர்தான் இறந்தார். மண்டையோடு உடைந்த ஆறு வயதுச் சிறுவன்கூடப் பிழைத்துக்கொண்டான்.

எலி கடித்தால் என்ன என்று கேட்கலாம். எலியால் வெறிநோய் வருவது ஏறக்குறைய இல்லை. ஆனால் எந்தக் கடியிலும், குறிப்பாக மண்ணும் சாணமும் பட்ட காயத்தில், தசையை இழுத்துப் பூட்டும் டெட்டனசு வரலாம். அதற்குத் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் மறுபடி போடுவார்கள். பூனைக்கடி பார்வைக்கு ஊசி குத்தியதுபோல் இருக்கும். அந்த மெல்லிய பல் ஆழமாக இறங்குவதால் மறுநாளே கை வீங்கிச் சிவந்துவிடும். அப்படி வீங்கச் செய்யும் நுண்ணுயிருக்கு பாஸ்டுரெல்லா என்று பெயர். நம் பாஸ்டரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, கடித்த நாயை அந்த இடத்திலேயே அடித்துக் கொன்று புதைக்கும் வழக்கம். இது கோபத்தில் செய்வது. வளர்ப்பு நாயாக இருந்தால் கட்டிவைத்துப் பத்து நாள் பார்ப்பார்கள். கடிக்கும்போது எச்சிலில் நோய்க்கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோயுற்றுச் சாகும். பதினோராம் நாளும் அது வாலாட்டிக்கொண்டு சோறு தின்றால், கடிபட்டவருக்கு அந்தக் கடியால் வெறிநோய் இல்லை. நாய் செத்தாலோ தெருநாயாக இருந்தாலோ கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அதன் மூளையைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். 1948 முதல் ஈப்போவில் கால்நடை ஆய்வுக்கழகம் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நாளும் சோதனை முடிவு வரும்வரையும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவர் தொடங்கச் சொன்னால் தொடங்கிவிட வேண்டும். நாய் நலமென்று தெரிந்தபின் அவரே நிறுத்தச் சொல்வார். ஊசி போடும் நாட்களை ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். முதல் ஊசிக்குப் பின் மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று வரும். அந்த அட்டையைப் பிள்ளையின் பள்ளிப் பையில் போடாமல், சாமிப் படத்துக்குப் பின்னால் வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.